தரம் 6க்குப் பிறகு பெற்றோர் ஏன் பாடசாலைப் பக்கம் வருவதில்லை?

திருக்கோவில் பக்கம் ஒரு பாடசாலைக்கு அதிபராகப் போகப்போவதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். தரம் 6 முதல் 9 வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டங்களுக்கு வருவதே இல்லையாம். அக்கறையில்லாத இந்தப் பெற்றோரை எப்படிப் பாடசாலைக்குக் கொண்டுவருவது என்று கேட்கிறார்.

நான் படுவான்கரையில், அதாவது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், ஒரே பாடசாலையில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். மூன்று அதிபர்களோடு வேலை செய்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன் சேர், "அக்கறையில்லாத" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள்.

இதே பெற்றோர் தரம் 5இல் எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்பு முடியும்வரை மதில் நிழலில் சோற்றுப்பெட்டியோடு காத்திருந்தார்கள். கடன் வாங்கி மாதிரி வினாத்தாள் வாங்கினார்கள். பெறுபேறு வரும். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளில் சிலர் மட்டக்களப்பு நகரத்துக்கோ கல்முனைக்கோ போய்விடுவார்கள். மற்றப் பிள்ளைகள் எங்கள் தரம் 6இல் வந்து உட்காருவார்கள். ஆனால் மதிலோரம் நின்ற அந்தத் தாய்மாரைக் காணமாட்டோம். சில மாதங்களுக்குள் ஒரு தாய்க்கு அக்கறை வற்றிப்போகுமா? பத்து வயதிலேயே தன் பிள்ளை தோற்றுவிட்டது என்று அவள் நம்பிவிடுகிறாள். இல்லை என்று அவளிடம் சொல்ல யாரும் போவதில்லை. நாங்களும் போகவில்லை.

அப்புறம், ஆரம்பப் பிரிவில் ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர். என்ன கேட்பதென்றாலும் அவரிடமே கேட்கலாம். தரம் 6இல் பாடத்துக்கு ஒருவர். தரம் 7 அட்சரகணிதத்தைப் பார்த்ததும் எட்டாம் வகுப்போடு நின்ற தாய்க்குக் கொப்பியைத் திறக்கவே பயம் வந்துவிடுகிறது. எனக்கு இதில் இனி வேலையில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறாள்.

இத்தனைக்கும் மேல் எங்கள் பாடசாலை அவர்களை வரவேற்ற விதம். முதலாவது அதிபர் காலத்தில் வீட்டுக்குக் கடிதம் போனால் மூன்று காரணம்தான்: காசு, சிரமதானம், பிள்ளையைப் பற்றிய முறைப்பாடு. கூட்டம் வார நாளில் காலை பத்து மணிக்கு, அதுவும் வேளாண்மை வெட்டு நடக்கும் நேரத்தில். ஒருநாள் தரம் 9 மாணவன் ஒருவனின் தகப்பனைக் கூப்பிட்டிருந்தோம். மகன் அடிக்கடி வராமல் நிற்கிறான் என்று. அவர் வட்டையிலிருந்து, வயலிலிருந்து, நேரே வந்தார், காலில் சேறு காயவில்லை. அலுவலக வாசலில் நெடுநேரம் நின்றார், இருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு மகனுக்கு முன்னால் வைத்தே அவருக்கு ஏச்சு விழுந்தது. வகுப்பாசிரியர் நான். பக்கத்தில் நின்ற நானும் அவன் கொப்பி முடிக்காததை எடுத்துச் சொன்னேன். தகப்பன் வாய் திறக்கவில்லை. மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த கிழமை அவன் வரவில்லை, பிறகு வரவேயில்லை. 16 வயதுவரை படிப்பது சட்டப்படி கட்டாயம்தான். சொந்தத் தகப்பன் குனிந்து நின்றதைப் பார்த்த பிள்ளையிடம் போய் எந்தச் சட்டத்தைச் சொல்வது? அந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண் அதிபர். அவர் சேர்ந்த கிழமையே அலுவலகத்துக்கு வெளியே, வேம்பின் கீழ் நாலு கதிரை போடச் சொன்னார். யார் வந்தாலும் முதலில் இருக்க வேண்டும், பிறகுதான் பேச்சு. காலையில் கேற்றடியில் அவரே நிற்பார். "வாங்கம்மா, மகள் நேற்று நல்லா வாசிச்சவ" என்று ஒரு சொல், அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றிய முதல் செய்தி நல்ல செய்தியாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அவர் போட்ட ஒரே கட்டளை. முறைப்பாட்டோடு ஒரு தாயைக் கூப்பிடப் போனால், "இந்தத் தவணையில் அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டுக்கு வேறு என்ன சொல்லியிருக்கிறீங்க?" என்று கேட்பார். பலமுறை என்னிடம் பதில் இருந்ததில்லை.

கூட்டத் திகதி குறிக்குமுன், வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானையிடம் கேட்பார், வெட்டு எப்போது முடிகிறது, தண்ணீர் எப்போது திறக்கிறார்கள் என்று. முழுப் பாடசாலைக்கும் ஒரே கூட்டம் என்பதை நிறுத்தி வகுப்பு வகுப்பாக வைத்தார். இருநூறு பேருக்கு நடுவில் வாய் திறக்காத தாய், இருபது பேருக்குள் பேசினாள். தாய் குவைத்தில், பிள்ளை அம்மம்மாவோடு என்ற வீடுகள் எங்களிடம் நிறைய. அதனால் கடிதத்தில் "பெற்றோர்" என்பதை மாற்றி "வீட்டுப் பெரியவர்" என்று போட்டார். குவைத்திலிருந்த ஒரு தாய்க்கு வகுப்பாசிரியை வட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். அந்தத் தாய் அழுதுகொண்டே பதில் அனுப்பியதை எங்களுக்கும் போட்டுக் காட்டினார்.

இதெல்லாம் எங்களை விரட்டி நடந்ததில்லை. வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையிலிருந்து வரும் ஆசிரியர்களுக்குப் பின்னேர பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேருவது பெரும்பாடு. அதை அறிந்து கூட்டங்களைப் பாடசாலை நேரத்துக்குள்ளேயே அடக்கினார், அந்த நேரம் எங்கள் வகுப்பைத் தானே பார்த்துக்கொண்டார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ஆசிரியரையும் அவர் ஏசியதில்லை. முன்பு அலுவலகத்தில் ஏச்சு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போவோம், அந்தக் கோபம் யாரோ ஒரு தாயின் தலையில் இறங்கும். பாடசாலைச் சூழல் என்று கருத்தரங்குகளில் சொல்கிறார்களே, நான் கண்டது இதுதான். அதிபர் ஆசிரியரிடம் பேசுகிற தொனி கேற்றடிவரை கேட்கும்.

பெற்றோர் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எங்களிடம் ஒரு தவறான எண்ணம் இருந்தது. வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதுதான் உதவி என்று நினைத்தோம். அமெரிக்காவில் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் 6 முதல் 8 வரை. அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி எப்போதும் பயன் தந்ததாகத் தெரியவில்லை. படிப்பின் மதிப்பைப் பேசுவது, எதிர்பார்ப்பைச் சொல்வது, இன்றைய படிப்பை நாளைய வாழ்க்கையோடு தொடுத்துக் காட்டுவது, இவைதான் கூடுதலாகப் பயன் தந்தன. அங்கே கண்டதை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். ஆனால் எங்கள் ஊருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைக்கும் தாயும் இதைச் செய்யலாம். "இண்டைக்கு என்ன மனே படிச்ச?" என்று கேட்க அட்சரகணிதம் தேவையில்லை.

அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது தரம் 9 கூட்டம். தரம் 10இல் பிள்ளைகள் கட்டாயப் பாடங்களுக்கு மேலதிகமாகத் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அப்படியொரு தெரிவு இருப்பதே தெரியாது, நண்பன் எடுத்ததைப் பிள்ளையும் எடுக்கும். அதற்கு முன்பே வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட்டு எந்தப் பாடம் எந்த வழியைத் திறக்கும் என்று தமிழில், ஆறுதலாக விளக்கினார். எங்கள் பாடசாலையில் படித்துத் தாதியாக வேலை பார்க்கும் ஒரு பிள்ளையையும் பேச வைத்தார். "இது நம்மட செல்லம்மாக்காட பேத்திதானே" என்று பின்வரிசையில் ஒரு கிழவி சொன்னதும் மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

பிறகு அவருக்கு இடமாற்றம் வந்தது. மூன்றாவது அதிபர் கெட்டவரல்ல, படிவங்களிலும் வலயக் கல்வி அலுவலகக் கூட்டங்களிலும் அவர் நாள் போய்விடும். ஒரு வருடத்துக்குள் வேம்படிக் கதிரைகள் உள்ளே போயின, கூட்டம் பழையபடி பத்து மணிக்கு வந்தது. தரம் 9 கூட்டம் மட்டும் நிற்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அது தீர்மானமாகக் கூட்டறிக்கையில் எழுதப்பட்டிருந்தது. அந்த வருடம் கூட்டம் பிந்தியபோது ஐந்து தாய்மார் ஒன்றாக வந்து திகதி கேட்டார்கள். அதில் மூன்று பேர் தரம் 6இல் நாங்கள் கண்ணால் காணாதவர்கள்.

நீங்கள் பொறுப்பெடுத்ததும் கதிரைகளை முதல் நாளே வெளியே போடுங்கள் சேர். செய்வது சரிவரத் தொடங்கினால் அதைச் சங்கத்தின் கூட்டறிக்கையில் எழுதிவையுங்கள், பெற்றோர் வாயாலேயே முன்மொழிய வைத்து. நாளைக்கு உங்களுக்கும் இடமாற்றம் வரும்.