டோவர் வெள்ளைப் பாறைகள்: நடந்து பார்க்கப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணை, லண்டனில இருந்து ஒரே நாளில பாறையும் கோட்டையும் பாத்திட்டு வரலாமோ?

வெள்ளனப் புறப்பட்டால் வரலாம் தம்பி. லண்டன் செயின்ட் பாங்ராஸ் நிலையத்தில் வேக ரயில் எடுத்தால் டோவர் பிரையோரி நிலையத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடத்தான். ஆனால் கோட்டைக்கே அரை நாள் வேண்டும். இரண்டாம் ஹென்றி 1180களில் கட்டுவித்த பெருங்கோபுரம், அதன் அருகே ரோமர் கட்டிய வெளிச்சவீடு, அடியிலே பாறையைக் குடைந்த சுரங்கங்கள். இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரான்சின் டன்கேர்க் கரையிலிருந்து 3,38,000 படையினரை மீட்ட வேலையை அட்மிரல் ராம்சே அந்தச் சுரங்கத்துக்குள் இருந்துதான் நடத்தினார். வெயில் எறித்தால் முதலில் நடந்துவிடுங்கள். மழை வந்தால் ஒதுங்கக் கோட்டை இருக்கிறது.

எவ்வளவு தூரம் நடக்கவேணும்? கைக்குழந்தை இருக்கு.

பார்வையாளர் நிலையத்திலிருந்து சவுத் ஃபோர்லண்ட் வெளிச்சவீடு 2 மைல், திரும்பி வர இன்னொரு 2. ஏற்ற இறக்கமான பாதை. தள்ளுவண்டி சரிவராது தங்கச்சி, குழந்தையை முதுகுப் பையில் சுமந்து போங்கள். மழை பெய்த மறுநாள் சுண்ணாம்பு மண் பாசிக் கல்லைப் போல வழுக்கும், செருப்போடு போகவே வேண்டாம்.

விளிம்பில நிண்டு படம் எடுக்கலாமோ? கனபேர் எடுத்துப் போடுகினம்.

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். அது கருங்கல் இல்லை, நகத்தால் சுரண்டினாலே மாவாக வரும் சுண்ணாம்புப் பாறை. வெடிப்புக்குள் இறங்கும் மழைநீர் பனிக்காலத்தில் உறைந்து பருத்துப் பாறையைப் பிளக்கிறது. அடியை அலை அரிக்கிறது. பிறகு ஒருநாள் பெருந்துண்டாகக் கழன்று விழும். 2012இல் அப்படி ஒரு பெரிய சரிவு நடந்தது. காலடியில் பச்சைப் புல் தெரியும், அதன் கீழே மண்ணே இல்லாமலும் இருக்கலாம். சில இடங்களில் உயரம் 100 மீற்றருக்கும் மேல். வேலி இல்லாததை அனுமதி என்று எடுக்காதீர்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

வெளிச்சவீட்டில பார்க்க என்ன இருக்கு?

மின்விளக்கை முதன்முதலில் ஏற்றிச் சோதித்த வெளிச்சவீடு அதுதான். 1850களில் நடந்த அந்தச் சோதனையை மேற்பார்த்தவர் விஞ்ஞானி மைக்கேல் ஃபரடே. 1899இல் மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி பிரான்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடல் கடந்ததும் இங்கேதான். தேநீரும் கேக்கும் கிடைக்கும். திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போங்கள்.

அங்க நிக்கேக்க ஃபோனில ஒரு மணித்தியாலம் கூடக் காட்டுது. பழுதோ?

பழுதில்லை. எதிர்க்கரை 33 கிலோமீற்றர்தான், பிரெஞ்சு அலைவரிசையைப் பிடித்துவிடுகிறது. ரோமிங்கை நிறுத்திவையுங்கள்.

ஆழிக்குமரன் ஆனந்தன் நீந்தின கடல் இதுதானோ?

இதுதான், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலான ஆங்கிலக் கால்வாய். 1875இல் கப்டன் வெப் முதன்முதலில் நீந்திக் கடந்ததும் டோவரிலிருந்துதான். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் நீந்தியவர். 1984 ஆகஸ்டில் இந்தக் கால்வாயில்தான் உயிர் போனது. ஆகஸ்டிலும் இந்தத் தண்ணீர் 17, 18 பாகைதான். ஊர்க் கடலில் வளர்ந்த உடம்புக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று கரையில் இறங்கிக் கால் நனைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. கால் நனைக்க விரும்பினால் வெளிச்சவீட்டைத் தாண்டி செயின்ட் மார்கரெட்ஸ் பே வரை நடவுங்கள். அங்கே பாறைக்குக் கீழே கடற்கரை இருக்கிறது.