பினாங்கு ஈரக்காற்றில் குடும்பப் படங்களை 30 ஆண்டு காப்பாற்ற எதில் சேமிப்பது?

படங்களும் காணொளிகளுமாக 2 டெராபைட் இருக்கிறது, பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை கெடாமலிருக்க எதில் போட்டு வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு சாதாரண ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறு ஊரில். ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள். 30 ஆண்டுக்கு ஒரே பொருளை வாங்கிப் பூட்டி வைக்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரம் அதற்கு இடங்கொடுக்காது.

அக்கா திருமணத்தின் சிடி ஒன்று ஜெலுத்தோங் வீட்டு அலமாரியில் கிடந்தது. உறையைப் பிரித்தால் உள்ளே நூலாம்படைபோல் வெண்பூசணம். விளிம்பில் வெள்ளிப் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. எந்தக் கணினியும் அதைப் படிக்கவில்லை. நெடுநாள் சேமிப்புக்கென்றே கனிமப் பூச்சோடு செய்யப்படும் எம்-டிஸ்க் வட்டு இதைவிட எவ்வளவோ உறுதி. ஆனால் புளூரே வகையான அதன் 25 ஜிகாபைட் வட்டில் உங்கள் 2 டெராபைட்டை எழுத 80 வட்டு வேண்டும். பதிவு செய்யும் புளூரே வட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. வட்டு பிழைத்தாலும், படிக்கும் கருவி அன்றைக்குக் கிடைக்க வேண்டுமே!

எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் மின்சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) வேகமானது, தினசரி வேலைக்கு அதுதான் சரி. அணைத்துப் பெட்டியில் போட்டு வைப்பதற்கு அது வேண்டாம். அதில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது, வெப்பத்தில் அது மெல்லக் கசியும். எழுதி எழுதி ஆயுள் முடிந்த எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தரவைத் தாங்கினால் போதும் என்பதே நினைவகச் சில்லுகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும்தான். ஆனாலும் பகலில் நம் அறைகளின் சூடு உங்களுக்கே தெரியும். பென்டிரைவை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நிறுவனங்கள் தரவைச் சேமிக்கும் எல்டிஓ காந்த நாடா 30 ஆண்டு நிற்கும் என்கிறார்கள். அதை ஓட்டும் கருவிக்கே பல ஆயிரம் ரிங்கிட் ஆகும்.

டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் புதிதாக மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இணைத்து, எல்லாக் கோப்புகளையும் முழுவதுமாகப் படிக்க விடுங்கள். முதலில் நகலெடுக்கும்போதே ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது, கோப்பு துளி மாறினாலும் எண்ணும் மாறும்) கணித்து வைத்திருந்தால், பிறகு ஒப்பிடும்போது எது சிதைந்தது என்று கணினியே சொல்லிவிடும். சிதைந்ததை மற்ற டிஸ்க்கிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். கணினியிலேயே செருகிக் கிடக்கும் டிஸ்க், இடி விழுந்தாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் கணினியோடு சேர்ந்தே போகும்.

2017 நவம்பரில் பினாங்கில் வெள்ளம் வந்தபோது எத்தனை வீடுகளில் கீழ்த்தளம் மூழ்கியது! ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் வைத்திருந்தவருக்கு இரண்டுமே போயிருக்கும். என்னுடைய இரண்டாவது டிஸ்க் ஈப்போவில் அக்கா வீட்டில் இருக்கிறது. தீபாவளிக்குப் போகும்போது புதுப்பித்ததைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன். மேகச் சேமிப்பை மூன்றாவது நகலாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தா நின்றால் அதுவும் போய்விடும்.

டிஸ்க்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டினால், அந்தச் சொல்லைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று உங்கள் துணைவருக்கும் மூத்த பிள்ளைக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள்.