பதினான்கு வயசுக்கு என்ன கதை கொடுக்கலாம்?

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலத்தில் தடித்தடி நாவலாகப் படித்துத் தள்ளுகிறாள். தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்கும்மா" என்று திருப்பித் தருகிறாள். அவள் வயசுக்குப் புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி உண்மை. புத்தகக் கடையில் சிறுவர் பகுதியைத் தாண்டினால் நேரே பெரியவர்கள் அலமாரிதான், பதிமூன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கென்று ஒரு தட்டு கிடையாது. ஆனாலும் சில வருடங்களாக நல்ல நாவல்கள் வருகின்றன. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யில் தொடங்குங்கள், 2023இல் சாகித்ய அகாதெமி சிறார் இலக்கியத்துக்குத் தருகிற பால சாகித்ய புரஸ்கார் விருது வாங்கிய நாவல், கதை கீழடியில் நடக்கிறது. ஆதன் என்பது கீழடியில் பானை ஓட்டில் கீறிக் கிடைத்த பெயர் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள், முடிந்தால் விடுமுறையில் கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போங்கள். அப்புறம் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025இல் அதே விருது வாங்கியது.

இரண்டும் அவளுக்குச் சட்டென்று முடிந்துவிட்டால் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கொடுங்கள். புதிதும் இல்லை, பிள்ளைகளுக்கென்று எழுதியதும் இல்லை, ஆனால் இந்த வயசை இவ்வளவு பலமாகப் பிடித்துக்கொள்கிற கதை வேறொன்று எனக்குத் தெரியாது. ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றியது. என் அண்ணன் மகள் பத்தாவது படிக்கும்போது கொடுத்தேன். அழுகிய யானையின் உடம்பில் நெளிகிற புழுக்களை டாக்டர் கைக்குழந்தை மாதிரி பார்க்கிற இடம் வந்ததும் முகத்தைச் சுளித்துப் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டாள், பத்து நிமிஷம் கழித்து அவளே எடுத்தாள், யானைக்காலில் பீர் பாட்டில் ஏறுகிற இடத்துக்கு வந்தபோது சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. படித்து முடித்ததும் "என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள், பரீட்சை வாடை அடித்தால் அடுத்த புத்தகத்தைத் தொட மாட்டார்கள்.

கேள்வி: 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைப் பன்னிரண்டு வயது மகளுக்குக் கொடுக்கலாமா? விஷயம் தெரிந்ததும் வீட்டில் தயங்குகிறார்கள்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: கொடுங்கள். எஸ். பாலபாரதி எழுதி 2020இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற புத்தகம் அது, பாலியல் சீண்டலுக்கு ஆளாகிற ஒரு சிறுமி தன் மரப்பாச்சிப் பொம்மையிடம் மனசைத் திறக்கிற கதை. முதலில் நீங்களும் வீட்டம்மாவும் படித்துவிடுங்கள், ஏனென்றால் படித்த பிறகு பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுக்கலாம், அந்த நேரத்தில் பதறாமல், குறுக்கே பேசாமல், "அங்க ஏன் போன?" என்று கேட்காமல் உட்கார்ந்து கேட்கிற ஆள் வீட்டில் வேண்டும். உங்கள் வீட்டுத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் தெரியாமல் இருப்பது எந்தப் பிள்ளையையும் காப்பாற்றியதில்லை.

கேள்வி: நான் பிளஸ் ஒன். என் வயசுப் பையன் நாயகனாக வருகிற, அறிவுரை சொல்லாத தமிழ் நாவல் ஒன்று சொல்லுங்கள் சார்.
– ஒரு மாணவர், கோவில்பட்டி

பதில்: தம்பி, உன் ஊர்ப்பக்கத்துக் கதையே இருக்கிறது. பூமணியின் 'வெக்கை', 1982இல் வந்தது, 'அசுரன்' படம் இதிலிருந்து எடுத்ததுதான். படம் பார்த்திருந்தாலும் படி, நாவல் வேறு மாதிரி. பதினைந்து வயசுச் சிதம்பரம் அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டத்தான் நினைக்கிறான், ஆள் செத்துப்போகிறான், அதோடு அப்பாவும் மகனும் ஓடுகிறார்கள். ஒளிந்து திரியும்போதே சமைக்கிறார்கள், வீட்டை நினைத்துக்கொள்கிறார்கள், அதுவரை அவ்வளவு பேசியிராத அப்பா மகனோடு பேசிக்கொண்டே நடக்கிறார். அந்தப் பேச்சு முழுக்கக் கரிசல்காட்டுப் பேச்சு, மதுரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள், உனக்கு அந்தச் சிரமம் இருக்காது. படித்துவிட்டு ஒரு கடுதாசி போடு.