கோதுமை இரகத்தின் நோய் எதிர்ப்பு எத்தனை காலம் நிற்கும்?

கேள்வி: மஞ்சள் துரு நோயைத் தாங்கும் என்று பரிந்துரைக்கப்பட்ட குளிர்காலக் கோதுமை இரகம், சில ஆண்டுகளிலேயே அந்த நோய்க்கு ஆளாவது ஏன்? விதையில் கலப்பு நேர்ந்துவிட்டதா?

பதில்: விதை கலந்திருக்கலாம், ஆனால் பெரும்பாலும் மாறியிருப்பது இந்த நோயை உண்டாக்கும் பூஞ்சாணம்தான். எதிர்ப்புத்திறன் செடிக்குள் மட்டும் அடங்கிய குணம் அன்று; வயல்வெளியில் அந்தக் காலத்தில் உலவும் பூஞ்சாண இனங்களை எதிர்த்து நிற்கும் திறனே அது. மஞ்சள் துரு எதிர்ப்பு மெண்டல் விதிப்படி மரபுவழி இறங்குகிறது என்று கேம்பிரிட்ஜில் பயிர் ஆய்வாளர் ரோலண்ட் பிஃபன் 1905-இல் காட்டினார். அதன்பின், வலிமையான ஒற்றை மரபணுவை நல்ல இரகத்துக்குள் சேர்ப்பது கவர்ச்சியான வழியாயிற்று. அத்தகைய மரபணு, துருப் பூஞ்சாணம் செலுத்தும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை உணர்ந்ததும், தொற்றிய இடத்துச் செல்களை மடியச் செய்து நோயை அங்கேயே நிறுத்திவிடுகிறது. அந்தப் புரதம் திரிந்த ஓர் இனம் தோன்றிவிட்டால் காவல் அடியோடு போய்விடும். அந்த இரகமே எங்கும் பயிராகியிருந்தால், அந்த இனம் தடையின்றிப் பெருகும். 2011-இல் ஐரோப்பாவில் பரவலாகக் காணப்பட்ட 'வாரியர்' என்னும் மஞ்சள் துரு இனம், அதுவரை நன்கு தாங்கிய சில இரகங்களையும் தாக்கியது.

முழுத் தடுப்பைவிட, பல மரபணுக்கள் சேர்ந்து நோயின் வேகத்தைக் குறைக்கும் பகுதி எதிர்ப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். அத்தகைய இரகத்தில் இலைகள் சிறிது புள்ளியிடும்; ஆனால் நோய் மெதுவாகவே ஏறும். பிரான்ஸ் நாட்டுக் கப்பெல் தெப்ரே இரகம், பிரிட்டனில் நெடுங்காலம் பரந்த பரப்பில் பயிரானபோதும், வளர்ந்த பருவத்தில் மஞ்சள் துருவைத் தாங்கும் திறனை இழக்கவில்லை. இவ்வகை எதிர்ப்பு இளம் நாற்றில் வெளிப்படாது என்பதால், குளிர்காலத்தில் நாற்றில் துரு தென்பட்டதும் இரகம் தோற்றுவிட்டதென்று முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: துருவைத் தாங்கும் இரகம் செப்டோரியா இலைக்கருகலையும் தாங்குமா?

பதில்: அப்படி எதிர்பார்க்க இயலாது. இரண்டும் வேறு பூஞ்சாணங்கள். எதிர்ப்பு மரபணுக்களும் பெரும்பாலும் வேறு. பிரிட்டனில் விதைக்க ஏற்ற இரகங்களைக் காட்டும் பரிந்துரைப் பட்டியல் ஒவ்வொரு நோய்க்கும் 1 முதல் 9 வரை தனித்தனி மதிப்பெண் தருவது இதனால்தான். 9 என்பது மிகுந்த எதிர்ப்பு. மழைத்துளி தெறிக்கும்போது கீழிலைகளிலிருந்து மேலேறும் செப்டோரியா, அறிகுறி காட்டாமல் ஏறத்தாழ 2 முதல் 4 வாரங்கள் இலைக்குள் இருக்கும். எதிர்ப்புள்ள இரகத்தில் இந்தக் காலம் நீள்வதால், பருவத்துக்குள் நிகழும் தொற்றுச் சுற்றுகள் குறைகின்றன. முன்கூட்டி விதைத்த வயலில் தொற்று மிகுதி என்பதால், முதலில் விதைக்கும் நிலத்துக்குச் செப்டோரியா மதிப்பெண் உயர்ந்த இரகத்தை ஒதுக்குங்கள்; பண்ணை முழுவதும் ஒரே இரகத்தை விதைக்காதீர்கள். மதிப்பெண் உயர்ந்திருந்தாலும் மேலுள்ள மூன்று இலைகளை, குறிப்பாகக் கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலையை, மணி முற்றும் வரை கவனித்து வாருங்கள். பட்டியலையும் ஆண்டுதோறும் புதிதாகப் பார்த்த பிறகே விதை வாங்குங்கள்.