சிவப்பணுவின் மேல் ஒரு மௌன ஏற்பி

கேள்வி: ரத்த தானம் செய்தபோது தந்த அட்டையில் ஓ பாசிட்டிவ் என்று மட்டுமே இருந்தது. ‘டஃபி’ என்றொரு ரத்த வகையும் உண்டு, அது அழற்சியோடு தொடர்புடையது என்று படித்தேன். டஃபிக்கும் அழற்சிக்கும் என்ன உறவு?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு அந்த ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருள் உருவாகியிருப்பது போன்ற நிலைகளில்தான் பொதுவாக டஃபி வகையைப் பார்ப்பார்கள், அட்டையில் அது இடம்பெறாததற்குக் காரணம் அதுதான். 1950-இல் இங்கிலாந்தில் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபீலியா நோயாளி ஒருவரிடம் இப்படித்தான் அது கண்டறியப்பட்டது. அவர் பெயரே வகையின் பெயராயிற்று.

அழற்சியின்போது, கிருமி நுழைந்த இடத்தில் உள்ள செல்கள், கீமோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளியிட்டு வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. அவற்றுள் ஒன்றான இன்டர்லூக்கின்-8-ஐ ரத்தத்தோடு கலந்தால் சிவப்பணுக்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன என்பதும், அப்படிப் பற்றப்பட்டது நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களைத் தூண்டுவதில்லை என்பதும் 1991-இல் தெரிந்தன. பற்றுவது, சிவப்பணுவின் மேலிருந்து டஃபி வகையைக் காட்டும் புரதமான டஃபி ஆன்டிஜென்தான் என்பது 1993-இல் உறுதியானது. கீமோகைனைப் பற்றிச் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதமான வழக்கமான கீமோகைன் ஏற்பியைப் போலவே இதுவும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது; ஆனால் செய்தியை உள்ளே கடத்தும் ஜி-புரதத்தோடு இணைவதற்குரிய பகுதி இதில் இல்லாததால், பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர செல்லுக்கு எதையும் சொல்லாது. கீமோகைன்கள் ரத்தமெங்கும் பரவினால் எந்தத் திசையில் செல்வது என்று வெள்ளையணுக்களுக்குத் தெரியாமல் போகும் என்பதால், இந்த மௌனம் பயனுள்ளதே. விந்தை என்னவென்றால், நுண்சிரைகளின் உட்சுவரில் இருக்கும் இதே புரதம், திசுவின் பக்கமிருந்து கீமோகைனை ரத்தத்தின் பக்கம் கொண்டுவந்து, வெள்ளையணுக்களை அழைக்கவும் உதவுகிறது.

மேற்கு ஆப்பிரிக்கர்களுள் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் டஃபி இல்லை. மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருப்பதால் சிவப்பணுவில் புரதம் உருவாவதில்லை. ரத்தக் குழாய்ச் சுவரில் வழக்கம்போல் உருவாகிறது. வைவாக்ஸ் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழையப் பெரும்பாலும் டஃபியையே பற்றுவதால், அவர்களுக்கு அந்நோய் வருவது அரிது. நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் அவர்களிடம் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் அந்தக் குறைவால் அவர்களுக்குத் தொற்று மிகுவதில்லை. இதையறியாமல், எண்ணிக்கையை மட்டும் பார்த்து, தொற்று மிகும் என்று அஞ்சிப் புற்றுநோய் மருந்தின் அளவைக் குறைத்ததும் தள்ளிப்போட்டதும் உண்டு.