பின்னால் நிற்கும் மால்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலிய ராக் இசைக்குழுவான ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' பாட்டைக் கல்லூரி விழாவில் வாசிக்கப்போகிறோம். பழைய பாடகர் பான் ஸ்காட் உயிரோடு இருந்து பாடியிருந்தால் இன்னும் நன்றாக வந்திருக்கும், அவருக்குப் பின் வந்த பிரையன் ஜான்சன் வெறும் கத்தல் என்கிறான் நண்பன். உங்கள் கருத்து என்ன? மூன்று கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வைத்துக்கொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டவர்கள் என்று சீனியர் ஒருவர் கிண்டல் செய்கிறார். இறந்தவருக்காக எழுதிய பாட்டில் இவ்வளவு கொண்டாட்டம் இருக்கலாமா என்றும் ஒரு சந்தேகம். நான் சும்மா ரிதம் கிட்டார்தான், பாட்டுக்குப் பின்னால் தாளத்தோடு கார்டு அடிக்கிறவன். முன்னால் நின்று தனி மெட்டு வாசிக்கும் லீட் வாசிக்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். அதே வருடம் ஜூலையில், புதுப் பாடகரோடு பஹாமாஸில் பதிவு செய்த, இந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் கடைக்கு வந்துவிட்டது. ஒப்பாரியாக இருக்கக்கூடாது, அவரைக் கொண்டாடுவதாக இருக்கவேண்டும் என்று குழுவினர் கேட்டார்கள், பிரையன் ஜான்சன் பாட்டின் வரிகளை எழுதிக்கொடுத்தார். சாவு வீட்டில் பறையடித்து ஆடுகிற ஊரில் பிறந்துவிட்டு உங்களுக்கு ஏன் இந்தச் சந்தேகம்? சீனியரிடம் அந்த மூன்று கார்டை ஒழுங்காக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

சரி. நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி இரண்டு வரிக்காக. சும்மா ரிதமா? யார் சொல்லிக்கொடுத்தது இதை?

சில வாரங்களாகவே மால்கம் யங்கைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையில் லீட் கிட்டாரோடு மேடை முழுக்க ஓடுகிறாரே ஆங்கஸ், அவருடைய அண்ணன். கிளாஸ்கோவில் பிறந்து, சிட்னிக்குக் குடிபெயர்ந்த குடும்பம். குழுவைத் தொடங்கியவர், நடத்தியவர் மால்கம்தான். மேடையில் டிரம்ஸ் பக்கத்தில், ஸ்பீக்கர் பெட்டிகளை ஒட்டி நிற்பார். கோரஸ் வந்தால் மைக்குக்கு நடந்து வந்து பாடிவிட்டு, பழைய இடத்துக்கே திரும்பிப் போய்விடுவார்.

நீங்கள் வாசிக்கப்போகும் ரிஃப், பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்ன கிட்டார் துணுக்கு, அவருடையது. 1979 சுற்றுப்பயணத்தில் ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அது சரிதானா என்று அவருக்கே நிச்சயமில்லை. கேசட் கிடைப்பதும் அப்போது அவர்களுக்குச் சிரமம், அழித்துவிட்டு வேறு ஏதாவது பதியலாம் என்று நினைத்திருக்கிறார். அழிக்காதே, உனக்கு வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம் ஆங்கஸ். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் மறுபடி பதியமுடியாது. ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் முடியும். எங்கள் விடுதியில் ஒருவன் தான் மெட்டமைத்து வாசித்ததன் மேலெல்லாம் இப்படி டேப் ஒட்டிச் சினிமாப் பாட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். எங்களுக்கும் கேட்கப் பாட்டு கிடைத்ததில் சந்தோஷம். அவனுக்கு ஆங்கஸ் மாதிரி ஒரு தம்பி இல்லை.

அந்த ரிஃபை உட்கார்ந்து கேளுங்கள். 'ஈ' கார்டு ஒரு அடி. நிறுத்தம். 'டி' மூன்று அடி. நிறுத்தம். 'ஏ' மூன்று அடி. நடுவே ஃபில் ரட்டின் டிரம்ஸ் மட்டும். உங்கள் வயதுப் பையன்களுக்கு அந்த நிறுத்தத்தில் கை சும்மா இருப்பதில்லை, எதையாவது சொருகிவிடுகிறீர்கள். அடித்த கம்பியை உடனே அமுக்கி ஓசையைக் கொல்லத் தெரியவேண்டும். கொஞ்சம் தாமதித்தால் சத்தம் வழிந்து அடுத்த கார்டோடு ஒட்டிக்கொள்ளும். மால்கம் தடித்த கம்பிகள் போட்டிருந்தார். கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்கும் பிக்கப் ஒரே ஒன்று, மற்றதைக் கழற்றிவிட்டார். ஓசையைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. இந்த ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிப் பிரதிக்கு மேல் போயிருக்கிறது. அத்தனை பேரும் தலையாட்டியது ஆங்கஸின் லீடுக்கு மட்டுமா?

2009 டிசம்பரில் புவெனஸ் ஐரிஸின் ரிவர் பிளேட் மைதானத்தில் அவர்கள் வாசித்தது படமாகவே வந்திருக்கிறது. நான் அதில் மால்கமை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுற்றுப்பயணத்தின்போதே நினைவு தவற ஆரம்பித்திருந்தது, தானே போட்ட ரிஃப்களை மறுபடி உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் மேடையேறினார் என்று ஆங்கஸ் பின்னால் சொன்னார். நானும் தெரிந்துகொண்டுதான் பார்த்தேன், ஒரு அடிகூடப் பிசகியதாக என் காதுக்குப் படவில்லை. 2014இல் டிமென்ஷியா, மறதி நோய், என்று அறிவித்தார்கள். மால்கமுடைய மூத்த அண்ணனின் மகன் ஸ்டீவி அந்த இடத்துக்கு வந்தார். 2017 நவம்பரில் மால்கம் போய்விட்டார், வயது 64.

லீட் வாசிக்கிற அளவுக்கு வரவில்லை என்று இனிமேல் யாருக்கும் எழுதாதீர்கள் தம்பி. கோபம்தான் வருகிறது. அடுத்த ஒத்திகையில் ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்) டிஸ்டார்ஷனைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். உங்கள் பிசகெல்லாம் வெளியே கேட்கும், கேட்கட்டும். லீட் நண்பரை அரைமணி நேரம் டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, டிரம்ஸ்காரரோடு அந்த மூன்று கார்டை மட்டும் வாசியுங்கள். பாடகர் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும்.