வாசல் தார்த் தளத்தை எப்போது பெயர்த்துப் போடுவது? – கேள்வி பதில்

கல்யாண மண்டபம், கும்பகோணம்: சார், வண்டி நிறுத்துமிடத்தில் தார் வெளுத்து, அங்கங்கே நீளமாகக் கீறல் விட்டிருக்கிறது. மொத்தமாகப் பெயர்த்துப் போடச் சொல்கிறார் கான்ட்ராக்டர். தேவையா?

வெளுத்துப் போனதற்காகப் போட வேண்டாம். வெயிலில் தார் காய்ந்து வெளுப்பது இயல்பு. தனித்தனிக் கீறல்களைச் சுத்தம் செய்து, ஐப்பசிக்கு முன்னால் தார் ஊற்றி அடைத்தால் போதும். கீறல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கோடையில் வயல் வெடிப்பதுபோல் பாளம் பாளமாகப் பிளந்திருந்தால் கதை வேறு. அங்கே அடித்தளம் போய்விட்டது. மேலே புதுத் தார் போட்டாலும் அதே இடத்தில் வெடிக்கும். மழை விட்ட மறுநாளும் தண்ணீர் நிற்கிற இடங்களைப் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். பாளமும் பள்ளமுமாகக் கால்பங்குக்கு மேல் வந்தால் கான்ட்ராக்டர் சொல்வது சரி. இது என் கணக்கு.

ஜவுளிக்கடை, திருவாரூர்: அண்ணே, எத்தனை பேட்ச் போட்டாலும் அதே இடத்தில் குழி. ஏன்?

நம்ம பக்கம் களிமண். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இரண்டடிக்கு இரண்டடி வெட்டிப் பாருங்கள். ஜல்லிக்கு நடுவே களி ஏறிக் கூழாக இருந்தால், அந்தக் களியை அள்ளிவிட்டு, கிராவலும் ஜல்லிக் கலவையும் அடுக்கடுக்காகப் போட்டு ரோலர் ஓட்டிய பிறகுதான் தார். தண்ணீர் வடிய நூறு அடிக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி வாட்டம் (சரிவு) வேண்டும். இன்னொன்று: ரோடு மேல் ரோடு போட்டே தெரு உயர்ந்து, உங்கள் வாசல் பள்ளமாகிவிட்டதா? அப்படியானால் தெருத் தண்ணீர் முழுக்க உங்களுக்குத்தான். முதலில் வடிகால், அப்புறம் தளம்.

அரிசி ஆலை, மன்னார்குடி: நெல் லாரி திரும்பும் இடம் மட்டும் போய்விட்டது. பேவர் பிளாக் போடலாமா?

பைக் நிற்கும் இடத்துக்கு 60 மி.மீ. கனமுள்ள கல் போதும். லாரிக்கு 100 மி.மீ.யாவது வேண்டும். திரும்பும் இடத்தில் நானாக இருந்தால் கான்கிரீட்தான் போடுவேன். டீசல் சொட்டினால் தார் இளகிவிடும்.

லாட்ஜ், மயிலாடுதுறை: எந்த மாதம் போடலாம்?

தை கடைசியிலிருந்து சித்திரைக்குள். ஐப்பசி, கார்த்திகை கூடவே கூடாது; ஈரத்தின் மேல் தார் பிடிக்காது. மண்டபக்காரர்களுக்கு ஆடியும் வசதி. முகூர்த்தம் இருக்காது, சாயங்கால இடிமழையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.